வெட்டிவிட்ட ஓரம்

தூரிகையின் நுனியை நாக்கில் தொட்டு உருட்டியதும் அது ஒற்றை மயிர் அளவுக்குக் கூராயிற்று. சாயம் கசந்தது. பீங்கான் தட்டில் கறுப்பு மூன்று இடத்தில், மூன்று அளவு தண்ணீரில் கரைந்து கிடந்தது. வலது கை இருப்பதிலேயே வெளிறியதைத் தொட்டு, கழிவுக் காகிதத்தில் ஒற்றி, ஈரம் அடங்கிய பிறகு படத்தின் மேல் இறங்கியது. இடது கை, படத்தின் மேல் விரித்த மெல்லிய துணியில் ஊன்றியபடி அசையாமல் இருந்தது. ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் நடுவில் ஒரு சிறு சாம்பல் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. அங்கே ஓட்டை இருந்ததே தெரியாமல் போகும் வரை கை எழவில்லை.

நெகட்டிவின் மேல் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால் காகிதத்தில் அந்த இடம் வெள்ளையாக விழும். ஒரு மயிர் கிடந்தால் வெள்ளைக் கோடு விழும். அவற்றைத் தேடித் தேடி அடைப்பதுதான் அந்தக் கைகளின் வேலை. இந்தப் படத்தில் தூசி அதிகம். யாரோ ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்கு மேல் கைகள் எதையும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய அவசியமும் இல்லை. படம் மேசையில் தலைகீழாக இருந்தது.

அந்தப் பெண்ணின் இடது கைக்கு வந்தபோது, கட்டைவிரல் அடியில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. மயிர்தான். வெளிறிய சாயத்தில் தொடங்கி, இரண்டாவது சாயத்துக்குப் போய், நுனியிலிருந்து நுனி வரை புள்ளி புள்ளியாக அதை அடைத்தாயிற்று. சுத்தமாக வந்திருந்தது. தூரிகையைக் கழுவ நிமிர்ந்தபோது, துணியின் மேல் ஊன்றியிருந்த இடது கை பார்வையில் பட்டது. கட்டைவிரல் அடியில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. அட்டை வெட்டும் கத்தி பல வருஷத்துக்கு முன்னால் வழுக்கிய இடம்.

அவள் கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படத்தை நேராகத் திருப்பினாள்.

கடைக்கு வருகிறவர்கள் அவளைப் புள்ளியக்கா என்பார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஸ்டுடியோவை ஆரம்பித்தது அவளுடைய அப்பா. அவர் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண் பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்தாரோ, யாருக்குமே சொல்லிக்கொடுக்கும் சுபாவம் இல்லையோ. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவருடைய மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். அவர் தூரிகையைப் பிடித்திருப்பார். அதனால் ஊரில் இருந்த எல்லா முகங்களையும் அவள் முதலில் தலைகீழாகத்தான் பார்த்தாள். தனக்கென்று ஒரு மேசை வந்தபோது படத்தை நேராக வைத்துப் பார்த்தாள், வேலை ஓடவில்லை. நேராக இருந்தால் முகம் பேச ஆரம்பித்துவிடுகிறது. இவர் கோபக்காரர், இவளுக்குச் சிரிப்பு வரவில்லை என்று மனசு எங்கோ போகிறது. தலைகீழாக வைத்தால் மூக்கு ஒரு நிழல், அவ்வளவுதான். அன்றிலிருந்து அதுவே பழக்கம். வேலை முடிந்த பிறகுதான் திருப்புவாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. முடிந்த படத்தைக் கொடுக்கும்போது படத்தைப் பார்க்கமாட்டாள். வாங்குகிறவருடைய கண்ணைப் பார்ப்பாள். அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எங்கே சலித்துத் திரும்புகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கூட்டப் படம் என்றால் தன் முகத்தைத் தேடும். அது நன்றாக விழுந்திருந்தால் படமே நன்றாக இருக்கிறது என்பார்கள், பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடியிருந்தால் இன்னும் நன்றாக இருக்கிறது என்பார்கள். வேற்று ஆள் படம் என்றால் முதலில் முகம், முகத்தில் கண். அந்தக் கண் நேராகப் பார்க்கிறது என்றால் மற்ற எதுவும் அப்புறம்தான். ஒரு மூலையில் விரற்கடை அளவுக்கு இருந்தாலும் அங்கேதான் முதலில் போகும். முகம் இல்லாவிட்டால் கைக்குப் போகும். கையும் ஒன்றும் சொல்லாவிட்டால் வெளிச்சம் அதிகமாக இருக்கும் ஓரத்துக்குப் போய், அப்படியே படத்தை விட்டு வெளியே போய்விடும். எல்லாம் தெளிவாகத் தெரிகிற படத்தை ‘நல்லாருக்கு’ என்று சொல்லிப் பைக்குள் வைப்பார்கள். ஏதோ ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கும் படத்தை வாசலில் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போய் மறுபடி பார்ப்பார்கள்.

ஒருமுறை இறந்துபோன ஒருவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தார்கள். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அழகாகச் சரிசெய்து கொடுத்தாள். அவருடைய மனைவி பார்த்தார். கண் முகத்தில் நின்றது, கழுத்துக்கு இறங்கியது, மறுபடி முகத்துக்கு ஏறியது. “நல்லாத்தான் இருக்கார். ஆனா இவர் யாரோ,” என்றார். புள்ளியக்கா மறுபேச்சுப் பேசாமல் காலரைத் தூக்கிவிட்டு வேறு படம் போட்டுக் கொடுத்தாள். எதை அடைக்கலாம், எதை அடைக்கக் கூடாது என்பதில் அதற்குப் பிறகு அவள் தவறவில்லை. இன்றுவரை.

நேராகத் திருப்பிய படத்தில் ஒரு பெண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முன்னால் குனிந்திருந்தாள். கூந்தல் சரிந்து முகத்தை மறைத்திருந்தது. ஒரு காலில் புதுச் செருப்பு. மறு கால் வெறும் காலாகத் தரையில். அந்தக் காலுக்கு உரிய செருப்பு அவளுடைய இரண்டு கைகளிலும், மடியில். இடது பக்கத்திலிருந்து ஜன்னல் வெளிச்சம் வந்து கூந்தலின் ஓரத்தையும் விரல்களையும் தொட்டுவிட்டு, வெறும் காலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டம்ளரில் போய் முடிந்தது. டம்ளரிலிருந்து ஆவி எழுவதுகூடத் தெரிந்தது.

நல்ல படம். மனசுக்குத் தெரிவதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான்.

தன் உச்சந்தலையை யாரும் பார்த்ததில்லை. தான் குனிந்தால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கூந்தலும் அப்போது நீளம், இப்போது கழுத்தோடு நரைத்து நிற்கிறது. ஆனால் அந்தச் செருப்பை அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு காலில் போட்டது.

மகளுடைய கல்யாணத்துக்காக வாங்கிய செருப்பு. கணவன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போன பிறகு மகளைத் தனியாக வளர்த்தது அவள்தான். வளர்ந்த மகள் வெளியூரில் வேலைக்குப் போனாள், அங்கே அப்பாவோடு மறுபடி ஒட்டிக்கொண்டாள், கல்யாணமும் அங்கேயே முடிவாயிற்று. கிளம்பவேண்டிய அன்று பெட்டி கட்டிலின் மேல் தயாராக இருந்தது. ஒரு செருப்பை மாட்டிவிட்டு அடுத்ததை எடுக்கும்போது போன் வந்தது.

“அம்மா, அப்பா வீட்டு ஆளுங்கதான் எல்லாம் எடுத்துச் செய்றாங்க. நீ வந்தா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்மா. அப்புறமா நாங்களே வந்து உன்னப் பாக்குறோம். தப்பா எடுத்துக்காத.”

“இல்லம்மா. எனக்கும் காலையிலேர்ந்து காய்ச்சல் அடிக்கிற மாதிரிதான் இருக்கு,” என்றாள் புள்ளியக்கா. ஊருக்கும் அதையே சொன்னாள்.

தம்பிக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அவள் குடியிருந்த ஸ்டுடியோவின் மாடி அறைக்கு அவன் அன்று வந்தான். அவள் நிமிரவில்லை. “ஒரே புழுக்கமா இருக்குக்கா, காத்து வரட்டும்,” என்று ஜன்னல் திரையை ஒதுக்கினான். கீழே போய் வீட்டு டம்ளரில் டீ வாங்கி வந்தான். “ஆறிடும், குடி,” என்று கீழே வைத்தான். அவள் எடுக்கவில்லை என்றதும், “கிட்ட நகத்தி வெக்கிறேன்,” என்று காலருகே தள்ளினான். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனும் அழுதான்.

அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் அவள் மனம் போனில் போய் நிற்காது, அந்த டீயில் போய் நிற்கும். நமக்கு என்று ஒருத்தன் இருக்கிறான் என்ற நினைப்பு அதில் இருந்தது. கடைப் பலகையில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டான், சரி, போடட்டும். முன்பக்க அறையை எடுத்துக்கொண்டான், எடுத்துக்கொள்ளட்டும். தம்பி மனைவி ஒருமுறை, “அண்ணி, நீங்க இவருக்கு ரொம்ப எடம் குடுக்குறீங்க,” என்று சிரித்தாள். அவளுக்கு அந்த டீயைப் பற்றித் தெரியாது.

இப்போது மேசையில் அந்த டீ இருந்தது. ஆவியோடு.

நெகட்டிவ்கள் இருக்கும் இழுப்பறை பூட்டப்படுவதில்லை. தம்பி வருஷ வாரியாக, காகித உறைகளில் போட்டு வைத்திருந்தான். அவள் அந்த வருஷத்தை எடுத்து, அந்த மாதத்தை எடுத்து, துண்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகவும் இருட்டு கண்ணாடி போலவும் தெரியும். மற்றவர்களுக்குக் குழப்பம், அவளுக்கு அச்சுப் புத்தகம் படிப்பது போல.

அந்தத் துண்டில் அவள் நான்கு கட்டங்களில் இருந்தாள்.

முதலாவது வாசல் நிலையிலிருந்து எடுத்தது. திரை மூடியிருக்கிறது. அறை மொத்தமும் இருட்டில் குழம்பி, ஒன்றும் விளங்கவில்லை. அடுத்ததில் திரை ஒதுங்கியிருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் தரை வெறுமையாகக் கிடக்கிறது, படம் கீழ்ப்பக்கம் காலியாகத் தொங்குகிறது. மூன்றாவதில் டம்ளர் வந்துவிட்டது. தள்ளி இருக்கிறது, காலோடு சேரவில்லை. நான்காவதில் எல்லாம் கூடிவந்திருந்தது.

ஐந்தாவது கட்டத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

அன்று தெருவில் ரோடு போடும் உருளை ஓடிக்கொண்டிருந்தது. அதனால் கேமராவின் சத்தம் கேட்கவில்லை. அவள் அந்தத் துண்டை இறக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள். திரையை ஒதுக்கியது, டீ வைத்தது, கிட்ட நகர்த்தியது. இத்தனை வருஷமாக எண்ணி எண்ணி வைத்திருந்த மூன்றும் அதே வரிசையில் அங்கே இருந்தன, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவன் பின்னால் போய் நின்று பார்த்திருக்கிறான்.

நான்காவது கட்டம், மேசையில் இருந்த படத்தைவிட அகலமாக இருந்தது. தம்பி பெரிதாக்கும்போது வலது பக்கம் அகலமான ஒரு பட்டையை வெட்டிவிட்டிருந்தான். வழக்கமாக அவள்தான் பெரிதாக்குவாள். இந்தமுறை அவனே போட்டுக்கொண்டு வந்து, “இருட்டறையில நின்னா உனக்குக் கால் வலிக்கும்க்கா. நானே போட்டுட்டேன், நீ புள்ளி மட்டும் அடச்சுக் குடு,” என்றான். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டாள். பூதக்கண்ணாடியை எடுத்து அந்த ஓரத்தைப் பார்த்தாள். துணி அலமாரியின் கதவு. கதவில் நிலைக்கண்ணாடி. கண்ணாடியில் தம்பி, கால்களை அகட்டி, முழங்கையை விலாவோடு ஒடுக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. மறு கண் இருக்கவேண்டிய இடத்தில் கேமரா.

மத்தியானம் அவன் வந்தான். மழித்த முகம், நல்ல சட்டை. புது விடுதியின் முதலாளியம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஊரின் பெரிய சாலையில் திறக்கப்போகும் விடுதி அது. வரவேற்பறைச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அந்த அம்மா போன வாரம் கடைக்கு வந்தார். மலை, அருவி, படகு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, தம்பியின் பழைய பெட்டியைத் தானே கிளறி, உள்ளங்கை அளவுப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். எந்தப் படம் என்று அப்போது உள்ளே வேலையாக இருந்த புள்ளியக்காவுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது: “கெளம்புறாங்களா, வந்தாங்களா, ஒண்ணும் புரியல பாருங்க. லாட்ஜுக்கு இதவிடப் பொருத்தமா என்ன இருக்கு. இதப் பெருசாப் போட்டுடுங்க.”

“முடிஞ்சுதாக்கா?” என்றான் தம்பி.

“ஒரு எடத்துல சந்தேகம். இது மயிரா, தழும்பா? பாத்துச் சொல்லு.” தன் இடது கையைப் படத்தின் பக்கத்தில் வைத்தாள்.

அவன் பார்த்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

“எப்பப் பாத்த?”

“அடச்சு முடிச்சப்புறம். நான் தலைகீழா வெச்சுதான் பாப்பேன்னு உனக்குத் தெரியுமே.”

“அதில்லக்கா. சொல்லணும்னுதான் இருந்தேன். மொகம் தெரியல பாத்தியா? இது யாருன்னு எவனுக்குத் தெரியப்போவுது?”

தம்பி மனைவி டீயோடு உள்ளே வந்தாள். தட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் படத்தை எட்டிப் பார்த்தாள். “அட, இது நம்ம டம்ளர்தானே? விளிம்பு நெளிஞ்சது. இங்கதான் இருக்கா இது, நான் வீடு பூரா தேடிக்கிட்டிருந்தேன்,” என்றாள். இன்னும் குனிந்து பார்த்தாள். “மாடி ரூமு. அப்ப இது அண்ணியா?” இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பிறகு வெளியே போனாள்.

“எவனுக்கும் தெரியாது,” என்றாள் புள்ளியக்கா. “ஒரு டீ ஆறுற நேரம்கூட ஆகல.”

தம்பி உட்கார்ந்தான்.

“திரைய எதுக்குடா ஒதுக்கின?”

“ரூம் புழுக்கமா இருந்துச்சு.”

“புழுக்கமாவா, இருட்டாவா?”

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

“டீ?”

“உனக்குத்தான்க்கா வாங்கிட்டு வந்தேன். சத்தியமா உனக்குத்தான்.”

“வாங்கினது எனக்கு. நகத்தி வெச்சது யாருக்கு?”

“கையில கேமரா இருந்துச்சு. ஸ்கூல் படம் எடுக்கக் கெளம்பிக்கிட்டிருந்தேன். உள்ள வந்தேன், நீ அப்படி உக்காந்திருந்த. யோசிக்கவே இல்ல, கை தானாப் போயிடுச்சு. அதுக்கப்புறம் கேமராவக் கீழ வெச்சிட்டுதானே உன் பக்கத்துல வந்து உக்காந்தேன். நானும் அழுதேனே. அதுவும் பொய்யா?”

“பொய்யின்னு சொல்லல. படம் கெடச்சப்புறம் அழுத.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே பேசினான். “ஒரு படம்க்கா. தாடையத் தூக்குங்க, காது தெரியணும், சிரிக்காதீங்கன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு வயசாயிடுச்சு. நான் எடுத்தத படம்னு சொல்லி ஒருத்தராவது மாட்டியிருக்காங்களா? அப்பாகூட மாட்டல. அந்தம்மா ஆயிரம் படத்துல இதத்தான் எடுத்தாங்க. அது ஏன்னு உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததா.”

“தெரியும். கேமரா இருக்குன்னு தெரிஞ்சா எவளும் அப்படி உக்காரமாட்டா. அதான் நல்லாருக்கு.” அவள் குரல் உயரவில்லை. “ரூம்ல தம்பி இருக்கான்னு நெனச்சு உக்காந்திருந்தேன். வேண்டாம்னு சொல்லிடு.”

“வார்த்தை குடுத்துட்டேன்.”

“எனக்கு வேண்டாம்னு சொல்றேன்.”

“திங்கக்கெழம தெறக்குறாங்க. செவுத்துல ஆணிகூட அடிச்சாச்சு.” கொஞ்ச நேரம் விரலைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, அவளைப் பார்க்காமல், “நெகட்டிவ் என்னோடதுக்கா,” என்றான்.

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போயிற்று.

“சரி,” என்றாள் புள்ளியக்கா. “இந்தக் காகிதம் வீணாப் போச்சு. தழும்ப அடச்சிட்டேன். நானே புதுசாப் போட்டு, முடிச்சுத் தரேன்.”

தம்பி நிமிர்ந்தான். முகம் சிறுவயதில் இருந்தது போல ஆகிவிட்டது. “நீ முடிச்சா அது வேற மாதிரி இருக்கும்க்கா,” என்றான். அது உண்மையான பேச்சுதான். அவள் கையிலிருந்து அரைகுறையாக ஒரு வேலை போனதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மறுநாள் அவன் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் படம் எடுக்கப் போயிருந்தான். அவள் இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிவப்பு விளக்கின் அடியில் நான்காவது கட்டத்தைப் பெரிதாக்கும் கருவியில் மாட்டி, முழுசாக, ஒரு ஓரமும் விடாமல் காகிதத்தில் விழச் செய்தாள். முதல் சோதனையில் தம்பி எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. அலமாரிப் பக்கம் வெளிச்சம் போகாத இடம்; கண்ணாடி கறுப்புக் குழியாகக் கிடந்தது. வெட்டாமல் விட்டிருந்தால்கூட யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். அவன் பயந்திருக்கிறான்.

கம்பியின் நுனியில் ஒட்டிய வட்ட அட்டையை எடுத்தாள். கருவியின் விளக்கு எரியும்போது அதைப் படத்தில் நிலைக்கண்ணாடி விழும் இடத்துக்கு மேலே பிடித்து, ஓரம் தெரியாதபடி மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் படாமல் மறைத்த இடம் காகிதத்தில் வெளுத்து வரும். பிறகு கையைக் குவித்து நடுவில் ஒரு துளை விட்டு, அதன் வழியே வெறும் காலுக்கும் செருப்புக்கும் டம்ளருக்கும் கூடுதலாக வெளிச்சம் கொடுத்தாள். அவை இருட்டிக்கொண்டு பின்னால் போயின. இல்லாமல் போகவில்லை. தேடினால் கிடைக்கும். தேட ஆள் வேண்டும்.

தட்டில், மருந்துத் தண்ணீருக்குள், முதலில் எழுந்து வந்தது கூந்தல். பிறகு ஜன்னல் ஓரம். கடைசியாகக் கண்ணாடிக்குள்ளிருந்து தம்பி வந்தான். மூடிய கண்ணின் சுருக்கம்கூட வந்தது. இரண்டு காகிதம் சரியில்லை என்று கிழித்தாள். மூன்றாவதில் அவன் முகம் வேண்டிய அளவுக்கு வந்திருந்தது.

காய்ந்த பிறகு மேசையில் போட்டாள். பழக்கத்தில் தலைகீழாக. சற்று யோசித்து நேராகத் திருப்பினாள். அன்று முழுக்க நேராக வைத்தே வேலை செய்தாள். வேலை மெதுவாகத்தான் ஓடியது. குனிந்திருந்த பெண் பேசவில்லை. கண்ணாடியில் நின்றவன் பேசிக்கொண்டே இருந்தான். தூசி எல்லாவற்றையும் அடைத்தாள். கட்டைவிரல் அடியில் இருந்த கோட்டை மட்டும் விட்டாள். அட்டை வெட்டி, சட்டம் மாட்டி, பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூலால் கட்டி வைத்தாள். தம்பி வந்து, “பாக்கலாமாக்கா?” என்று கேட்டபோது, “கட்டியாச்சு, அவங்களே பிரிக்கட்டும்,” என்றாள். அது கடையின் வழக்கம்தான். அவன் வற்புறுத்தவில்லை. மறுநாள் போடும் சட்டையை எடுத்து வைக்கப் போனான்.

விடுதி முதலாளியம்மா காலையில் வந்தார். கல்லாப் பெட்டிக்கு முன்னால் இருந்த நீள மேசையில் புள்ளியக்கா கட்டிய படத்தை வைத்தாள். தம்பி முந்திக்கொண்டு நூலை அவிழ்க்கக் கை நீட்டினான். அவள் அதைத் தன் பக்கம் இழுத்து, அவனைத் தாண்டி அந்த அம்மாவிடம் தள்ளினாள்.

“என்ன, படுக்கவாக்குல இருக்கு? நான் நெட்டுவாக்குலல்ல கேட்டேன்,” என்றார் அவர், காகிதத்தைப் பிரித்துக்கொண்டே.

“ஓரத்த வெட்டாமப் போட்டிருக்கும்மா,” என்றாள் புள்ளியக்கா.

தம்பியின் கை மேசையின் மேல் அப்படியே நின்றது.

காகிதம் விலகியது. அந்த அம்மா சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கினார், கனம் தாங்கவில்லை. புள்ளியக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். படத்தைப் பார்க்கவில்லை, எப்போதும் போல அவருடைய கண்ணைப் பார்த்தாள். அது நடுவில் நிற்கவில்லை. கூந்தலைத் தாண்டிற்று, கையைத் தாண்டிற்று, நேராக வலது ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு மெதுவாகக் குனிந்த பெண்ணுக்கு வந்தது. மறுபடி ஓரத்துக்குப் போயிற்று.

“இந்த ஆளு அந்தச் சின்னப் படத்துல இல்லையே,” என்றார் அவர். “அந்தப் பொண்ணு அழுவுது. இவன் என்ன பண்றான்?”

கேட்டுக்கொண்டே படத்திலிருந்து கண்ணை எடுத்து, மேசைக்கு இந்தப் பக்கம் நல்ல சட்டை போட்டு நின்ற தம்பியை ஏறிட்டுப் பார்த்தார்.

“புடிச்சுக்குங்க,” என்றாள் புள்ளியக்கா. அவர் ஒரு கையை அடியில் கொடுத்து வாங்கிக்கொண்டதும், சட்டத்தின் மறுமுனையிலிருந்து தன் இடது கையை எடுத்தாள்.